கைமுறை எக்ஸ்போஷர் (வீடியோ ஒளிப்பதிவு)

வீடியோ கேமராவில் பதிவாகும் படத்தின் வெளிச்சத்தைத் தானியங்கி அமைப்பிடம் விடாமல் ஒளிப்பதிவாளரே தீர்மானிக்கும் முறை. ஐரிஸ் (லென்ஸின் ஒளித்துளை), ஷட்டர், கெயின் (ஐஎஸ்ஓ), ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஆகியவை இதன் கருவிகள்.

தேவை: தானியங்கி அமைப்பு சட்டகத்தின் சராசரி வெளிச்சத்தைப் பெரிதும் சார்ந்தது. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில், பாரதியாரின் 'குயில் பாட்டு'டன் தொடர்புடைய குயில் தோப்புப் பகுதி போன்ற இடங்களில் மரநிழலில் நிற்பவரைப் படமெடுக்கும்போது, பின்னணி வெயில் முகத்தைக் கருக்கிவிடும். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குறுக்கே நடந்தாலே படம் மங்கி மீளும். கைமுறையில் முகத்துக்கு ஏற்ப ஐரிஸை நிறுத்திவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் இல்லை.

செய்முறை: விநாடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் பொதுவாக 1/50. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 1/60 வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கக்கூடும். ஷட்டரை மாற்றாமல் ஐரிஸால் வெளிச்சத்தைச் சரிசெய்வர். ஐரிஸைத் திறந்தால் பின்னணியின் தெளிவு குறையும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 800, ஐரிஸ் எஃப் 5.6 வேண்டுமானால் சுமார் 7 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்குவது) குறைக்கும் என்டி ஃபில்டர் தேவை. இருட்டில் கெயினை ஏற்றலாம். ஆனால் படத்தில் புள்ளிகள் பெருகும்.

சரிபார்ப்பு: ஜீப்ராவை 100 சதவீதத்தில் வைத்தால், விவரம் அழியும் அளவுக்கு வெளுத்த இடங்கள் திரையில் சாய்கோடுகளாகத் தெரியும். வெயிலில் திரையை மட்டும் நம்பக்கூடாது; வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமையும் பார்க்க வேண்டும்.