மண்ணுக்கு ஒரு போர்வை

1935, ஏப்ரல் 14. ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஓக்லஹோமா, டெக்சாஸ் சமவெளிகளில் பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. மழை மேகம் என்று நினைத்துவிடாதீர்கள்... மண்! மலை மாதிரி எழுந்து, உருண்டு வந்த புழுதிச் சுவர். நீட்டிய கை தெரியாத இருட்டு. அந்த நாளுக்குச் சரித்திரம் வைத்த பெயர் ‘கறுப்பு ஞாயிறு’.

என்ன தப்பு நடந்தது? காலங்காலமாக மண்ணை இறுகப் பிடித்திருந்த புல்லை டிராக்டரால் உழுது தள்ளிவிட்டு, கோதுமை போட்டார்கள். முதலில் நல்ல காசு. 1930-களில் மழை பொய்த்தது, பயிர் கருகியது. போர்வை போன மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டது. 1934 மே மாதப் புயலில் அந்தப் புழுதி நியூயார்க் வரை போய் விழுந்தது!

கறுப்பு ஞாயிறு முடிந்து பதின்மூன்றாம் நாள், மண் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் அதிபர் ரூஸ்வெல்ட். ஹ்யூ பென்னட் என்ற மண் நிபுணர் தலைமையில் அதற்கென்று ஒரு துறையே வந்தது. நிலத்தை மூடி வைக்க வேண்டும் என்பது பாடம்.

சரி, எவ்வளவு மூடியிருக்கிறது? கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆளுக்கொரு கணக்கு. அதனால் பிற்காலத்தில், 100 அடையாளங்கள் போட்ட கயிற்றை வயலின் குறுக்கே கட்டினார்கள். எத்தனை அடையாளங்களுக்குக் கீழே காய்ந்த தட்டையோ சருகோ கிடக்கிறது என்று குனிந்து எண்ண வேண்டும். 40 என்றால் 40 சதவிகிதம். முதுகு என்னவாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

புழுதியில் புதைந்த அதே ஓக்லஹோமாவின் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் 2015-ல் ‘கேனோப்பியோ’ என்ற சாஃப்ட்வேர் பற்றிய ஆய்வு வெளிவந்தது. செல்போனைப் பயிருக்கு மேலே பிடித்து ஒரு போட்டோ. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ‘மற்ற இரண்டையும்விட உன்னிடம் பச்சை தூக்கலா?’ என்பதுதான் கேள்வி. ஆமாம் என்றால் அந்தப் புள்ளி வெள்ளை. இல்லையென்றால் கறுப்பு. வெள்ளைப் புள்ளிகளை எண்ணினால் சதவிகிதம் ரெடி. சில விநாடி வேலை!

ஆனால், அதற்குப் பச்சை மட்டும்தான் கண்ணில் படும். அறுவடைக்குப் பின் கிடக்கும் காய்ந்த தட்டை அதன் கணக்கில் வெறும் தரை. காற்றுக்கு இந்த பேதமெல்லாம் கிடையாது. காய்ந்த தட்டையும் மண்ணைப் பிடித்து வைக்கும். விதைத்த பிறகும் 30 சதவிகிதம் மூடியிருந்தால்தான் அமெரிக்காவில் அதை மண் காக்கும் உழவு என்றே ஒப்புக்கொள்கிறார்கள். அறுத்த கையோடு வயலுக்குத் தீ வைப்பவர்களிடம் யாராவது இதைச் சொன்னால் தேவலை.