பொன்னிறப் புழுவும் பவானியின் நீரும்

நீலகிரியின் வேளாண்மை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தேயிலையிலிருந்தே தொடங்குவர். அம்மலையின் ஆறுகளைப் பற்றி எண்ணிப் பார்க்க விழையும் நாமோ உருளைக்கிழங்கிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. 1819-இல் மலையேறிய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன், உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். அவற்றுள் உருளைக்கிழங்கு, காலப்போக்கில் படுகர் முதலான மலைவாழ் உழவர்களின் முதன்மையான பணப்பயிராயிற்று.

1961-ஆம் ஆண்டில் உதகைப் பகுதியில், ஜோன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் உருளைக்கிழங்கின் வேர்களில் பொன்னிற நூற்புழுவைக் கண்டறிந்தார். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரே இப்புழுவின் தாயகம். பெண்புழு மடிந்த பின் அதன் உடலே கடினமான கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல்லாண்டுகள் மண்ணுக்குள் காத்து நிற்கும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது பரவும் என்பதால், நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலங்களுக்குச் செல்வதை 1971-இல் அரசு தடை செய்தது.

விளைச்சலையும் விதைச் சந்தையையும் ஒருங்கே இழந்த உழவன் கையில் கிடைத்தது நஞ்சு. ஃபென்சல்ஃபோதயான், கார்போஃபியூரான் போன்ற மருந்துகள் நடவின்போது மண்ணில் இடப்பட்டன. மண்ணுக்குள் மறைந்திருக்கும் புழுவை எட்டவேண்டுமெனில் மருந்து நீரோடு கலந்து பரவ வேண்டும். புழுவைக் கொல்ல உதவும் அந்தக் குணமே நீருக்குப் பகையானது. கார்போஃபியூரான் மீன்களுக்கும் பறவைகளுக்கும் கொடிய நஞ்சு. சரிவான நிலத்தில் இரு பருவமழைகளும் பெய்யும் மலையில், வயலில் இடுவது வயலோடு நிற்குமா? குந்தா ஆறும் குன்னூர் ஆறும் பவானியை அடைகின்றன. மோயாறு பவானிசாகர் அணையில் கலக்கிறது. அந்நீரையே சமவெளி மக்கள் பருகுகின்றனர்.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு அமெரிக்காவின் லாங் தீவு சான்று. அங்கும் உருளைக்கிழங்கு வயல்களே. அங்கும் 1941-இல் இதே புழு காணப்பட்டது. கார்போஃபியூரானின் இனத்தைச் சேர்ந்த ஆல்டிகார்ப் என்னும் பூச்சிமருந்து அவ்வயல்களில் இடப்பட்டு வந்தது. 1979-இல் கிணற்று நீரைச் சோதித்தபோது அந்நஞ்சு வெளிப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளில் அது வரம்பு மீறியிருந்தது.

நம் நாட்டிலும் தடைகள் வந்தன. வேளாண்மையில் டி.டி.டி.க்கு 1989-இலும், ஆல்டிகார்ப்புக்கு 2001-இலும், எண்டோசல்ஃபானுக்கு 2011-இலும் கதவு அடைக்கப்பட்டது. எனினும் ஒரு நஞ்சு விலகிய இடத்தில் மற்றொன்று வந்து அமர்வதைத் தடைகள் மட்டும் நிறுத்திவிடுவதில்லை.

மாற்றுவழி மலையிலேயே பிறந்தது. முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பால், நூற்புழுவைத் தாங்கும் 'குஃப்ரி சுவர்ணா' இரகம் 1985-இல் வெளியிடப்பட்டது. அத்துடன் முட்டைக்கோசு, காரட் போன்றவற்றை மாற்றிப் பயிரிட்டால், உணவின்றிப் புழுவின் பெருக்கம் குறையும். ஆனால் அதற்கு உழவன் சில பருவங்கள் கிழங்கின் வருவாயைத் துறக்க வேண்டும். கடனுள்ளவனுக்கு அது எளிதன்று.

ஆகவே பழியை மலை உழவன்மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. நஞ்சிடாமல் அவன் ஏற்கும் இழப்பால் தூய்மை பெறுவது நாம் பருகும் நீர். அந்த இழப்பில் ஒரு பங்கை விலையாகவோ மானியமாகவோ ஏற்பது, கீழே வாழும் நாம் அவனுக்குக் காட்டும் இரக்கம் அன்று. செலுத்த வேண்டிய கடன்.