ஒரு கட்டடம் கூறும் வரலாறு

ஊர் விட்டு ஊர் சென்றோர் முதலில் தேடுவது உறைவிடம். அடுத்துத் தேடுவது வழிபடும் இடம். இவ்வுண்மைக்கு இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், பிரிக் லேன் தெருவிலுள்ள ஒரு செங்கற் கட்டடம் சான்று பகர்கின்றது.

1685-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, பிராட்டஸ்டண்டு மக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான். ஹியூகனாட் எனப்பட்ட அம்மக்களுள் பலர் கடல் கடந்து வந்து, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் பட்டு நெய்து வாழ்ந்தனர். அவர்கள் 1743-இல் எழுப்பிய தேவாலயமே இது. 1819-இல் இது மெதடிஸ்டுகள் வசமாயிற்று. 1881-க்குப் பின் ருஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்கு அஞ்சி வந்த யூதர்கள், 1898-இல் இதனைத் தம் ஜெபாலயமாக்கினர். அவர்களும் வேறிடங்களுக்குப் பெயர்ந்தபின், 1976-இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. 1743 என்று பொறித்த சூரிய கடிகாரம் சுவரில் இன்றும் உள்ளது. பின் வந்தோர் எவரும் அதனைப் பெயர்த்தெறியவில்லை.

ஆயினும் அன்பர்களே! கட்டடம் நின்றது, கட்டியவர்தம் வழித்தோன்றல்களின் நாவில் பிரெஞ்சு மொழி நிற்கவில்லை. சில தலைமுறைகளில் அவர்கள் ஆங்கிலேயராகவே ஆகிவிட்டனர். மாற்றல் உத்தரவோடு இரயிலேறி வந்த நமக்கும் இதில் படிப்பினை உண்டு. பிறர் சின்னத்தைப் போற்றுவோம். நம் மக்களுக்குத் தமிழ் எழுத்தையும் கற்பிப்போம். அவர்கள் அதனை அறியாவிடில், நாம் எழுப்பும் மண்டபத்தின் கல்வெட்டை யார் படிப்பர்?