கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? முதலில் உங்கள் டெஸ்க்டாப்பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள்!

ஒர்க் ஃப்ரம் ஹோம் நாட்களில் வாங்கிய ஒரு செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் டெஸ்க்டாப். எக்செல், ஜூம் எல்லாம் தடையில்லாமல் ஓடுகிறது. இப்போது வீடியோ எடிட்டிங் கத்துக்கணும், வார இறுதியில் கொஞ்சம் கேம் ஆடணும்னு ஆசை. ஆன்லைன் ஆஃபரில் ஒரு ஆர்டிஎக்ஸ் 5060 கண்ணில் படுகிறது. இஎம்ஐ வசதியும் இருக்கு. பட்டனை அழுத்தினால் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடும்.

கொஞ்சம் பொறுங்க. அந்தக் கார்டு உங்கள் கேபினட்டுக்குள் நுழையாமல் போகலாம். நுழைந்தாலும் அதற்குக் கரண்ட் கொடுக்க வயர் இல்லாமல் இருக்கலாம். வயர் இருந்தும், கேம் ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் மொத்த கம்ப்யூட்டரும் அணைந்து போகலாம். "என் கம்ப்யூட்டருக்குப் பொருந்தல" என்று சொன்னால் பல கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள். பொருளில் பழுது இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். ஆகவே கார்டு எது என்று முடிவு செய்வதற்கு முன், கார்டு உட்காரப் போகும் பெட்டியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ஸ்லாட்: இதற்கு ரொம்ப பயப்பட வேண்டாம்

"என் மதர்போர்டில் இது செட் ஆகுமா?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. உண்மையில் இதுதான் குறைவான தலைவலி. கிராபிக்ஸ் கார்டு செருகும் அந்த நீளமான ஸ்லாட்டுக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ். அதில் 3.0, 4.0, 5.0 என்று தலைமுறைகள் உண்டு. புதிய கார்டைப் பழைய ஸ்லாட்டில் போடலாம், பழைய கார்டைப் புதிய ஸ்லாட்டிலும் போடலாம். இரண்டில் எது மெதுவானதோ அந்த வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்லாட்டில் 16 பாதைகள் இருந்தாலும், விலை குறைந்த கார்டுகள் எல்லாவற்றையும் பயன்படுத்துவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 7600, இன்டெல் ஆர்க் பி580 எல்லாமே 8 பாதை கார்டுகள். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 பாதை. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதையின் வேகம் இரட்டிப்பாகிறது என்பதால், 4.0 மதர்போர்டில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. 3.0 போர்டில் போட்டால் வேகம் பாதியாகிவிடும். கார்டின் சொந்த மெமரி நிரம்பி, ராமிலிருந்து தகவலை இழுக்க வேண்டி வரும்போதுதான் இது உறைக்கும். 6500 எக்ஸ்டி-யில் இருப்பதே 4 ஜிபி என்பதால் அது சீக்கிரமே நிரம்பும். பழைய போர்டுக்கு இந்தக் கார்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உங்கள் மெஷின் எந்தத் தலைமுறை? இன்டெல் என்றால் 10-ம் தலைமுறை வரை 3.0-க்கு மேல் கிடையாது, 11-லிருந்துதான் 4.0. ஏஎம்டி-யில் பி450, ஏ320 போர்டுகள் 3.0, பி550 போர்டு 4.0. ஆனால் இங்கே ஒரு கொக்கி. நம்ம ஊரில் நிறையப் பேர் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் சமாளிக்க ரைசன் 5 5600ஜி வாங்கினார்கள். அந்த பிராசஸர் பி550 போர்டில் இருந்தாலும் 3.0-ஐத் தாண்டாது. அதற்குப் பின் வந்த ரைசன் 5 8500ஜி இன்னும் மோசம். கிராபிக்ஸ் கார்டுக்கு 4 பாதைகள்தான் ஒதுக்கும்.

இரண்டாவதாக இன்னொரு நீள ஸ்லாட் இருந்தால் அதில் போடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பெரும்பாலான போர்டுகளில் உள்ளே இணைப்பு 4 பாதைக்குத்தான் இருக்கும். பிராசஸருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் சரியான இடம்.

எஸ்எம்பிஎஸ்: காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

உங்கள் அப்கிரேடின் தலையெழுத்து எழுதப்பட்டிருப்பது கேபினட்டின் பின்பக்க மூலையில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஸ்டிக்கரில்.

கணக்கு ரொம்ப எளிது. ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடி வயர் வர வேண்டும். 6 பின் வயர் 75 வாட், 8 பின் வயர் 150 வாட் கொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், 5060-க்கு 145 வாட், ஆர்க் பி580-க்கு 190 வாட் தேவை. இந்த மூன்றுக்குமே தனி வயர் கட்டாயம்.

இப்போது ஸ்டிக்கரைப் பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் '450 வாட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை நம்பாதீங்க. கீழே சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும்; அதில் +12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று தேடுங்கள். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் கரண்டைத்தான். உதாரணமாக அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள். 216 வாட். உங்கள் '450 வாட்' எஸ்எம்பிஎஸ்ஸின் நிஜமான பலம் அவ்வளவுதான். கோர் ஐ5-12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். அதோடு 5060-ன் 145 சேர்த்தால் 262. ஃபேன், ஹார்டு டிஸ்க் கணக்கே இன்னும் வரவில்லை. பத்தாவது நிமிடத்தில் ஏன் அணைந்து போகிறது என்று இப்போது புரிந்திருக்கும். அணைந்து போனால்கூட நல்ல எஸ்எம்பிஎஸ் என்று சொல்லலாம். பாதுகாப்பு இல்லாத மட்டமான சரக்கு, போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும்.

5060-க்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். கொஞ்சம் தாராளமாகச் சொல்கிறார்கள்தான். இருந்தாலும் அடுத்த கார்டுக்கும் உதவும் என்பதால் அந்த அளவில் ஒரு நல்ல கம்பெனி பெட்டியாக வாங்கிவிடலாம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் இருக்கிறது என்பதற்கான சான்று மட்டும்தான். தரத்துக்கு, வாரன்டி எத்தனை வருடம் என்பதையும் பாருங்கள்.

"மாத்திடலாம், அதுக்கென்ன?" என்று நினைத்தால், பிராண்டட் ஆபீஸ் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவற்றின் பல மாடல்களில், மதர்போர்டுக்குப் போகும் கரண்ட் பிளக் கடையில் கிடைக்கும் வழக்கமான 24 பின் பிளக் கிடையாது. அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவம். பெட்டியின் அளவும் வேறு. மாடலுக்கு ஏற்ற அடாப்டர் வயர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. சின்னக் கேபினட் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை வெளியில் தொங்கவிட வேண்டிய நிலைகூட வரும்.

8 பின் வயர் இல்லை என்று சொன்னால் சில கடைகளில் "ஒரு கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்பார்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் அது. சாட்டா பிளக்கின் 12 வோல்ட் தாங்கும் திறன் 54 வாட். அதன் வழியாக 150 வாட் எதிர்பார்க்கும் கார்டை மாட்டினால் பிளாஸ்டிக் உருகும். வேண்டவே வேண்டாம். அதே மாதிரி பிராசஸருக்கான 4+4 பின் வயரும் கார்டுக்கான 6+2 பின் வயரும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். உள்ளே பாசிட்டிவ், நெகட்டிவ் தலைகீழ். நுழையவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள்.

வீட்டில் யூபிஎஸ் இருக்கா?

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் அதிகம் பேசாத விஷயம் இது. நம் வீடுகளில் கம்ப்யூட்டருக்கு மாட்டியிருப்பது பெரும்பாலும் 600 விஏ யூபிஎஸ். அந்த விஏ எண்ணும் வாட்டும் ஒன்றல்ல. இந்த அளவு யூபிஎஸ் கொடுப்பது பொதுவாக 360 வாட். பின்னால் உள்ள லேபிளில் பாருங்கள். மானிட்டர், பிராசஸர், புது கார்டு எல்லாம் சேர்ந்து அந்த அளவைத் தாண்டினால், கரண்ட் போன நொடியில் அது தாங்காமல் கீச் என்று கத்திவிட்டு அணையும். பேட்டரி பழசு என்றால் இன்னும் சீக்கிரம். அதாவது, கார்டு பட்ஜெட்டில் யூபிஎஸ்ஸுக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டியிருக்கலாம்.

ஸ்கேலை எடுங்க

கேபினட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து வையுங்கள். கார்டின் நீளம் தயாரிப்பாளர் இணையதளத்தில் இருக்கும். ஒரே 5060-ஐ ஒற்றை ஃபேனில் குட்டையாகவும், மூன்று ஃபேனில் நீளமாகவும் விற்கிறார்கள். தடிமனும் முக்கியம்: இரண்டு ஸ்லாட் அகலத்துக்கு மேல் போகும் கார்டு, பக்கத்தில் உள்ள வைஃபை கார்டை மூடிவிடும்.

உங்களுடையது புத்தகம் போல ஒல்லியான ஆபீஸ் கேபினட் என்றால் பாதி உயர 'லோ புரொஃபைல்' கார்டு மட்டுமே நுழையும். தனி வயரும் இருக்காது. ஆக இரண்டு மூன்று பெயர்கள்தான் மிஞ்சும். 53 வாட் ஆர்எக்ஸ் 6400, 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி ஆகியவற்றின் லோ புரொஃபைல் வடிவங்கள் உருப்படியானவை. 3050-ல் கவனம் தேவை. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, அது 130 வாட், தனி வயர் கேட்கும். பெயரைப் பார்க்காமல் '6 ஜிபி' என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பயாஸ், பிராசஸர்

2012-க்கு முந்தைய போர்டுகளில் புதுக் கார்டு போட்டால் ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்க வாய்ப்பு உண்டு. புதுக் கார்டுகள் யூஇஎஃப்ஐ முறையை எதிர்பார்க்கின்றன. எதற்கும் கார்டு வருவதற்கு முன்பே பயாஸை அப்டேட் செய்து வையுங்கள்.

இன்டெல் ஆர்க் வாங்க நினைப்பவர்கள் 'ரீசைசபிள் பார்' என்ற ஆப்ஷன் பயாஸில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 12 ஜிபி மெமரியோடு நல்ல விலையில் வருகிறது என்று பி580-ஐப் பார்த்து மயங்கலாம். அந்த ஆப்ஷன் இல்லாத பழைய மெஷினில் அதன் வேகம் பெருமளவு குறையும். பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் பலவற்றில் அது கிடையாது.

பிராசஸர் தாங்குமா என்பதற்கு ஆன்லைன் 'பாட்டில்நெக் கால்குலேட்டர்' எதுவும் வேண்டாம். உங்களிடம் இப்போது ஏதாவது கார்டு இருந்தால், கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் கார்டுதான் திணறுகிறது. கூடவே இல்லையென்றால் பிராசஸர்தான் முட்டுக்கட்டை. புதுக் கார்டு போட்டும் பெரிதாக மாறாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

பெங்களூரு எஸ்பி ரோடு, டெல்லி நேரு பிளேஸ், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் என்று எங்கே போனாலும் பழைய கார்டு கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம், கார்டு வைத்து மைனிங் செய்யும் முறையைக் கைவிட்டது. அப்போது மைனிங்கில் ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினால் பல கார்டுகள் நன்றாகவே ஓடும். நான் அதிகம் பயப்படுவது பெயர் மோசடிக்குத்தான். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் '2048எஸ்பி' என்று ஒரு ரகம் உண்டு; ஒரிஜினல் 580-ல் 2304 கோர்கள், இதில் 2048. ஜிடிஎக்ஸ் 1060-லும் 3 ஜிபி, 6 ஜிபி இரண்டும் ஒன்றல்ல. மெமரியோடு கோரும் குறைவு. பழைய கார்டின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலிகளும் உண்டு. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். போலி என்றால் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். ஆகவே "1060 சூப்பர் கண்டிஷன்" என்று யாராவது அழைத்தால், விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள். புதுசு வாங்கினால் ஜிஎஸ்டி பில்லும் சீரியல் நம்பரும் சேர்த்து வாங்குங்கள். ஃப்ரீலான்ஸ் வேலைக்கு ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள், வேலைக்கான கார்டு என்றால் அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் அது உதவும்.

ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கத்தான் கார்டு என்றால், வேகத்தைவிட மெமரிக்கு முதலிடம் கொடுங்கள். மாடல் மெமரிக்குள் அடங்காவிட்டால் எவ்வளவு வேகமான கார்டும் ஊர்ந்துதான் போகும்.

கார்டு வந்துவிட்டது, மாட்டியாச்சு, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் ஸ்கிரீனில் எதுவும் வரவில்லையா? கடைக்காரருக்குப் போன் போடுவதற்கு முன், மானிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பழக்கதோஷத்தில் மதர்போர்டின் பழைய எச்டிஎம்ஐ ஓட்டையிலேயே இருக்கும். கழற்றி, கீழே புதுக் கார்டில் செருகுங்கள்.