காரைக்கால் வண்டி கைமாறும் கதை

காரைக்காலில் அப்பா பெயரில் இருக்கும் காரை மகள் பெயருக்கு மாற்றினால் வரி உண்டா? "வீட்டுக்குள்ளேயே தானே, இதுக்கெல்லாம் என்ன வரி?" என்றுதான் பலரும் சொல்வார்கள். இந்தப் பதில் பாதிதான் சரி. ஒரு காலத்தில் முழுக்கவே தப்பாக இருந்தது.

1956ல் இந்தியாவின் வரி முறையை ஆராய்ந்த நிக்கோலஸ் கால்டர் என்ற பொருளாதார அறிஞர், அன்பளிப்புக்கும் வரி போடச் சொன்னார். உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் இறந்தபின் வரும் எஸ்டேட் வரி தப்பிவிடும் அல்லவா, அந்த ஓட்டையை அடைக்கத்தான். 1958ல் நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி முந்த்ரா விவகாரத்தில் ராஜினாமா செய்திருந்ததால் பட்ஜெட்டை நேருவே வாசித்தார். அன்பளிப்பு வரி அதில்தான் வந்தது. வாங்கியவர் அல்ல, கொடுத்தவர் கட்ட வேண்டும்!

காரைக்காலுக்கு மட்டும் இது உடனே வரவில்லை. 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தாலும், சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16ல்தான். அதனால் வருமான வரி, அன்பளிப்பு வரி எல்லாம் 1963 ஏப்ரல் 1 முதல்தான் இங்கே நடைமுறைக்கு வந்தன. அதன்பிறகு கார் என்ன, நகை என்ன, வரம்புக்கு மேல் போனால் கணக்குதான். கடைசி ஆண்டுகளில் வரம்பு 30,000 ரூபாய், வரி 30 சதவீதம்.

1998 அக்டோபர் 1ல் அந்த வரி ஒழிந்தது. 2004ல் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. இந்தமுறை வாங்கியவர் தலையில். முதலில் பணத்துக்கு மட்டும், 2009ல் பொருளுக்கும். ஆனால் சொந்தக்காரர் கொடுத்தால் விலக்கு. தவிர, அந்தப் பொருள் பட்டியலில் நிலம், பங்கு, நகை, ஓவியம், சிற்பம் எல்லாம் இருந்தும் காரைக் காணோம். ஆக, மகளுக்கு வருமான வரித் தொல்லை இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். டாக்ஸியை மனைவி பெயருக்குச் சும்மா மாற்றினால் அதன் வருமானம் கணவர் கணக்கிலேயே சேரும்.

பழைய காருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி என்று 2024 டிசம்பரில் பெரிய கலவரம் நடந்தது. அது வியாபாரிக்கு, அதுவும் அவர் லாபத்துக்கு மட்டும்தான். அப்பா வியாபாரி இல்லையே!

அப்படியானால் எங்கே இடிக்கிறது? சாலை வரியில்தான். வண்டி வரி அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 57வது இனம். புதுச்சேரிக்கு 1967 சட்டம், தமிழ்நாட்டுக்கு 1974 சட்டம். காரைக்காலின் பி.ஒய்.02 வண்டி வடக்கே பூவம் தாண்டினாலும் தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் தமிழ்நாடுதான். மகள் காரைக்காலிலேயே இருந்தால் படிவம் 29, 30, கட்டணம், அவ்வளவுதான். நாகூரில் வாழ்க்கைப்பட்டிருந்தால்? தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் பதிந்து, அங்கே புதிதாக வரி கட்ட வேண்டும். பெயரே மாற்றாமல் ஓட்டினாலும் 12 மாதத்துக்கு மேல் வண்டி அங்கேயே இருந்தால் மறுபதிவு கட்டாயம் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். அப்பா மகள் உறவு இந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் வரி குறைவு என்று புதுச்சேரி முகவரி காட்டி சொகுசுக் கார்களைப் பதிந்த விவகாரம் 2017ல் கேரளத்தில் திரை நட்சத்திரங்கள் வரை போய் வழக்கானது. அவர்களுக்காகப் போட்ட வேலியில் நாகூர் மகளும் சிக்கிக்கொள்கிறாள்.

உரிமையாளர் இறந்துவிட்டால் படிவம் 31. 2021லிருந்து பதிவுச் சான்றிலேயே வாரிசாக ஒருவரை நியமித்து வைக்கலாம். காசு கொடுத்து ஏஜென்டைப் பிடிக்கும் பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.