மெத்தைக்குள் இருப்பது என்ன? கம்பளிப் படுக்கையின் வரலாறு

இமாம் திர்மிதீ அவர்களின் 'ஷமாயில்' நூலைப் பாடம் நடத்தி வரும்போது, நபி (ஸல்) அவர்களின் படுக்கை பற்றிய பகுதியை அடைந்ததும் மாணவர்கள் 'லீஃப்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்பது ஆண்டுதோறும் நிகழ்வதாகும். பதனிட்ட தோலால் ஆன படுக்கை என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. அதனுள் அடைக்கப்பட்டிருந்த லீஃப் என்பது, பேரீச்ச மரத்தின் மட்டையடியில் வலைபோல் படர்ந்திருக்கும் நார் என்று நாம் விளக்குவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. பலமுறை பாடம் நடத்திய பின்னரே ஒன்று நம் கருத்தில் பட்டது. அன்னையவர்கள் மேலுறையைக் கூறியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உள்ளே இருந்தது இன்னதென்றும் கூறியிருக்கிறார்கள்.

ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு அளிக்கப்பட்ட திருமணச் சீர் குறித்து நஸாயீயில் இடம்பெறும் அறிவிப்பும் இத்தகையதே. மென்மயிர் படர்ந்த ஒரு போர்வை, தண்ணீருக்கான ஒரு தோல் துருத்தி, ஒரு தலையணை ஆகியவையே அச்சீர். தலையணைக்குள் 'இத்கிர்' எனும் மணப்புல் இருந்தது என்பதும் அங்கே மறவாமல் குறிக்கப்பட்டுள்ளது.

இன்று மெத்தை வாங்கச் செல்லும் நாம் மேலுறையின் பூவேலையையும், அதன் உயரத்தையும், விலைத் தள்ளுபடியையும் பார்க்கிறோம். உள்ளே இருப்பது என்ன என்று கேட்பவர் சிலரே. இயற்கைக் கம்பளியால் ஆன மெத்தையும் போர்வையும் நல்லுறக்கம் தரும் என்ற விளம்பரங்கள் பெருகியுள்ள இந்நாளில், இப்பொருள் குறித்து நம் முன்னோர் அறிந்திருந்ததையும் எச்சரித்ததையும் நோக்குவது பயனுடையதாகும்.

இறைமறை கூறும் மூவகை உரோமம்

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம், கால்நடைகளிடமிருந்து மனிதனுக்குக் கிடைக்கும் வீட்டுப் பொருள்களை அருட்கொடையாக நினைவூட்டுகிறது. அங்கே அஸ்வாஃப், அவ்பார், அஷ்ஆர் என மூன்று சொற்கள் வருகின்றன. முதலாவது செம்மறியாட்டின் உரோமம், இரண்டாவது ஒட்டகத்தினுடையது, மூன்றாவது வெள்ளாட்டினுடையது. விரிப்பும் போர்வையும் கூடாரமும் இவற்றிலிருந்தே ஆயின.

இவ்விடத்தில் பருத்தியும் சணல் இழையும் ஏன் கூறப்படவில்லை என்ற வினாவுக்கு, ஹிஜ்ரி 671இல் (1273) மறைந்த இமாம் குர்துபீ தம் விரிவுரையில் விடையளித்துள்ளார். அவை அவ்வசனம் நேரடியாக விளித்த அரபியரின் நிலத்தில் விளைந்தவை அல்ல என்பதே அவர் தரும் காரணம். ஒவ்வொரு நிலத்தார்க்கும் அவரவர் அறிந்த பொருளே சான்றாகக் காட்டப்படுகிறது என்ற நுட்பம் இதில் அடங்கியிருக்கிறது.

சட்ட அறிஞர்களும் கம்பளியை ஆராயாமல் விட்டதில்லை. உண்ணத் தகும் கால்நடை உயிரோடிருக்கும்போது கத்தரித்த உரோமம் தூய்மையானது என்பதில் கருத்து வேறுபாடில்லை. தானாகச் செத்த பிராணியின் உரோமம் ஹனஃபீ, மாலிகீ வழியினரிடம் தூய்மையானது. ஷாஃபியீ வழியின் பிரபலமான கருத்துப்படி அது அசுத்தம். ஆக, படுக்கைக்குள் இருக்கும் கம்பளி எங்கிருந்து வந்தது என்ற வினா ஃபிக்ஹு நூல்களில் ஏற்கெனவே எழுந்த ஒன்றுதான்.

மத்ரஹும் மேட்ரஸும்

அரபியில் 'தரஹ' என்றால் எறிந்தான், கீழே இட்டான் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த 'மத்ரஹ்' என்பது ஒன்றை இடும் இடத்தையும், தரையில் இடப்படும் திண்டையும் குறித்தது. இச்சொல் இத்தாலிய மொழியில் மதராஸோ என்றும், பிரெஞ்சில் மத்லா என்றும், ஆங்கிலத்தில் மேட்ரஸ் என்றும் வடிவெடுத்தது. ஸ்பானிய மொழியிலோ அரபியின் 'அல்' முன்னொட்டும் சேர்ந்தே அல்மத்ராக்கே என நின்றது. ஐரோப்பியர் தம் படுக்கைக்கு அரபியரின் சொல்லைக் கொண்டனர் என்றால், அச்சொல்லோடு பொருளும் சென்றது என்று கொள்வதில் தவறில்லை.

பிரித்துத் தைக்கும் கலை

அம்மெத்தையைச் செய்த கைவினைஞருக்கு அரபு நாடுகளில் 'முனஜ்ஜித்' என்று பெயர். எகிப்தில் அவர் பெரிதும் பருத்திப் பஞ்சைக் கையாண்டார்; ஷாம் நாட்டில் கம்பளியையும் கையாண்டார். மரத்தாலான பெரிய வில்லும், அதில் இழுத்துக் கட்டிய நரம்பு நாணும், நாணை அடிக்க ஒரு கொட்டாப்புளியும் அவருடைய கருவிகள். நாண் அதிரும்போது இறுகிக் கிடந்த இழைகள் பிரிந்து மேலெழும். தூசி தனியே உதிரும். மணப்பெண்ணுக்குரிய மெத்தைகளைத் தைக்க அவர் வீட்டு முற்றத்துக்கே வருவதும், அந்நாள் ஒரு விழாவாவதும் எகிப்தில் வழக்கம்.

நம் நாட்டிலும் வில்லால் பஞ்சு கொட்டும் தொழில் பெரும்பாலும் முஸ்லிம்களின் கையில் இருந்தது. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் காணப்படும் 'தூதேகுலா' என்ற பெயர், பஞ்சு கொட்டுவதைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லே ஆகும்.

கம்பளி மெத்தையின் சிறப்பு அது பிரிக்கத் தக்கது என்பதில் இருக்கிறது. கோடை வந்ததும் தையலைப் பிரித்து, கம்பளியை வெளியே எடுத்து, அலசி, வெயிலில் உலர்த்தி, கொட்டிப் பிரித்து, மீண்டும் அடைத்துத் தைப்பார்கள். தாயின் மெத்தையிலிருந்த கம்பளியே மகளின் மெத்தைக்கும் பயன்படக் கூடியதாக இருந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ பாயர் 1937இல் பாலியூரித்தேனை உருவாக்கிய பின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நுரை மெத்தைகள் வீடுகளை நிறைத்தன. அவை விலையில் மலிந்தவை, எடையில் குறைந்தவை. ஆனால் அமுங்கிப்போன நுரையைக் கொட்டிப் புதுப்பிக்க எந்த வில்லாலும் இயலாது.

முஹ்தஸிபின் கண்

தைத்து மூடிய பின் உள்ளிருப்பதை வாங்குபவர் காண முடியாது. ஏமாற்று நுழைவதும் அவ்வழியாகத்தான். ஸுல்தான் ஸலாஹுத்தீன் காலத்தவரான ஷைஸரீ, அங்காடிக் கண்காணிப்பாளருக்காக எழுதிய 'நிஹாயத்துர் ருத்பா' என்ற நூலில் பஞ்சு வணிகருக்கெனத் தனி அதிகாரமே ஒதுக்கியுள்ளார்.

பழைய பஞ்சைப் புதியதோடு கலக்கக் கூடாது; விதையும் கருந்தோலும் நீங்கும்வரை பஞ்சைத் திரும்பத் திரும்பக் கொட்ட வேண்டும் என்கிறார் அவர். விதை எஞ்சினால் நிறையில் ஏமாற்றம் நிகழும். போர்வைக்குள் தங்கிய விதையை நாடி எலி வந்து துணியைக் கடித்துக் குதறும். தரம் குறைந்ததை அடியிலும் வெண்மையானதை மேலேயும் வைத்து விற்போரையும், கொட்டிய பஞ்சை ஈரமான இடத்தில் வைத்து எடையைக் கூட்டுவோரையும் அவர் அடையாளம் காட்டுகிறார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்குறிப்புகளை இன்றைய கடைத்தெருவில் வைத்துப் படித்தாலும் அந்நியமாகத் தோன்றவில்லை.

கம்பளியும் உறக்கமும்

உடல்நலம் காக்கும் ஆறு காரணிகளுள் உறக்கமும் விழிப்பும் ஒன்று என முஸ்லிம் உலகின் மருத்துவ நூல்கள் வகுத்தன. பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் (மறைவு 1066) எழுதிய 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் வழிவந்த இலத்தீன் ஓவியச் சுவடிகள், கம்பளி ஆடையின் இயல்பு வெப்பமும் வறட்சியும் என்று குறிக்கின்றன.

இன்றைய அறிவியல் இதனை வேறு சொற்களில் விளக்குகிறது. கம்பளி இழை தன் உலர் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை ஈரம் தெரியாமல் உள்வாங்கும். பாலியஸ்டர் இழையோ ஒரு விழுக்காட்டைக் கூட எட்டாது. உறங்குபவரின் வியர்வையாவி தோலருகே தேங்காமல் கம்பளிக்குள் சென்று, பின் மெல்ல வெளியேறுகிறது. இழையின் இயற்கைச் சுருள்கள் காற்றைச் சிறைப்படுத்துவதால் குளிரும் தடுக்கப்படுகிறது. கம்பளி எளிதில் தீப்பற்றாது என்பதும் உண்மையே.

எனினும் விளம்பரம் கூறுவன யாவும் உண்மையல்ல. கம்பளியில் தூசிச் சிற்றுயிர்கள் அறவே தங்கா என்பது மிகையான கூற்று. கம்பளியை உண்ணும் அந்துப் புழுக்களும் உண்டு. உலர்த்தலும் உதறலும் இன்றி எந்தப் படுக்கையும் தூய்மையாக இராது. உறங்கச் செல்பவர் படுக்கையை உதறிக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழியை, நாம் இல்லாதபோது அதில் என்ன வந்து சேர்ந்தது என்பதை அறிய மாட்டோம் என்ற அதன் காரணத்தோடு சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

இமாம் குர்துபீ சுட்டிய நுட்பமும் இங்கே பொருந்தும். குளிர்மலை நாட்டாருக்குக் கம்பளி ஏற்றது. புழுக்கம் மிகுந்த நம் கரையோர ஊர்களுக்கு இலவம் பஞ்சும் பாயும் போதுமானவை. பத்தமடையில் லெப்பை முஸ்லிம்கள் நெய்யும் கோரைப்பாய், உமர் (ரலி) அவர்களைக் கண்ணீர் சிந்தச் செய்த அந்த 'ஹஸீர்' பாயின் இனத்தைச் சேர்ந்ததே. அது நபி (ஸல்) அவர்களின் விலாவில் தழும்பு பதித்திருந்ததைக் கண்டே உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள்.

மென்மையின் எல்லை

'ஷமாயில்' நூலில் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்றும் உண்டு. இரண்டாக மடித்து விரிக்கும் முரட்டு விரிப்பை ஓரிரவு அவர்கள் நான்காக மடித்து விரித்தார்கள். காலையில் நபி (ஸல்) அவர்கள் காரணம் வினவி, பழையபடியே விரிக்குமாறும், அதன் மென்மை தம் இரவுத் தொழுகையைத் தடுத்துவிட்டதாகவும் கூறினார்கள். இதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை வல்லுநர்கள் குறை கண்டுள்ளனர் என்பதை மாணவர்களுக்கு நாம் சொல்லியே நடத்துகிறோம். ஆயினும் தேவைக்கு மிஞ்சிய படுக்கை ஷைத்தானுக்குரியது என்று முஸ்லிமில் வரும் உறுதியான நபிமொழி இதே திசையைக் காட்டுகிறது. உறக்கம் உடலின் உரிமை. எழுந்திருப்பது உறக்கத்தின் நோக்கம்.

ஆகவே விலையுயர்ந்த கம்பளி மெத்தை வாங்குவது ஒரு கடமையும் அன்று, குற்றமும் அன்று. வாங்குபவர் தம் ஊரின் தட்பவெப்பத்தையும், பிரித்து வெயிலில் இடும் வசதியையும் எண்ணிப் பார்க்கட்டும். விற்பவரோ உள்ளிருப்பதை உள்ளபடி சொல்லட்டும். கம்பளி என்று கூறி நுரையின்மேல் மெல்லிய கம்பளிப் போர்வை சுற்றி விற்பது, வெண்பஞ்சை மேலே பரப்பி விற்ற அந்தப் பழைய வணிகரின் செயலே. ஊர்தோறும் முஹ்தஸிப் வந்து தையலைப் பிரித்துப் பார்த்த காலம் முடிந்துவிட்டது. உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் பொறுப்பு இன்று நம்மிடமே இருக்கிறது.