விடை திரும்பி வந்த வழி

சி மொழியில் எழுதிய செயற்கூறு கணக்கை நொடியில் முடித்துவிடும். விடையை ஸ்கிரிப்ட் மொழியிடம் ஒப்படைப்பதுதான் சிக்கல். இரண்டும் நினைவகத்தைக் கையாளும் முறை வேறு.

1988-இல் பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கத் தொடங்கியபோது எளிய வழியைத் தேர்ந்தார்: எந்த விடையும் எழுத்துச் சரமே. சி செயற்கூறு வெற்றியா பிழையா என்ற குறியீட்டை மட்டும் திருப்பித் தரும். விடைச் சரம், ஸ்கிரிப்டை இயக்கும் மொழிபெயர்ப்பிக்குள் தனியிடத்தில் வைக்கப்படும். அந்தச் சரத்தின் நினைவகத்தை யார் விடுவிப்பது என்பதையும் நிரலாளரே சொல்லியாக வேண்டும்.

எளிமைக்கு விலை இருந்தது. எண்ணைச் சரமாக்கி, மறுபடி எண்ணாக்கி, வேகம் குறைந்தது. 1997-இல் வந்த டிசிஎல் 8.0, சர வடிவையும் எண் வடிவையும் சேர்த்துச் சுமக்கும் பொருளை அறிமுகப்படுத்தியது.

1991-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெளியான பைத்தான் வேறு பாதையில் சென்றது. அங்கே ஒவ்வொரு விடையும் ஒரு பொருளுக்கான சுட்டி. அந்தப் பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அதனுள்ளேயே இருக்கும். வெற்றுச் சுட்டி திரும்பினால் பிழை என்று பொருள். எண்ணிக்கையை ஒருமுறை குறைக்கத் தவறினால் நினைவகம் கசியும். கூடுதலாகக் குறைத்தால் நிரலே சரியக்கூடும்.

ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்த லுவா, சுட்டியையே கண்ணில் காட்டாத அழகான தீர்வைக் கண்டது. சாப்பாட்டுத் தட்டுகளைப் போல விடைகளை ஓர் அடுக்கின்மேல் வைத்துவிட்டு, எத்தனை வைத்தோம் என்ற எண்ணை மட்டும் சி செயற்கூறு திருப்பித் தருகிறது. ஒரே அழைப்பில் மூன்று விடைகள் வேண்டுமா? மூன்றை வைத்து, 3 என்று சொன்னால் போதும். அடுக்கில் இருக்கும்வரை, பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் அவற்றைத் தொடாது. 2000-இல் வெளியான லுவா 4.0, சி மொழியுடனான பரிமாற்றம் முழுவதையும் இந்த அடுக்கின் வழியாகவே அமைத்தது.